தனியாக டெக்னிக்கல் டைவ் போவதற்கு முன்: கயிறு யார் கையில்?

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், கல்லோடு கடலுக்குள் இறங்குகிறவர் தன் கயிற்றைப் படகில் மைத்துனர் கையில்தான் கொடுப்பார் என்று சொல்வார்கள். கூடப்பிறந்தவள் தாலி அறுக்கும்படி எந்த அண்ணன் தம்பியும் கயிற்றை அசட்டையாகப் பிடிக்க மாட்டான் என்ற கணக்கு. கயிறு ஆடியதும் இழுக்க வேண்டும், மேலே இருப்பவருக்கு அது ஒன்றுதான் வேலை. ஆனால் அந்த ஒரு வேலையைக் கீழே இருப்பவர் தனக்குத் தானே செய்துகொள்ள முடியாது.

டெக்னிக்கல் கோர்ஸ் (ஆழத்துக்கும் கப்பல், குகைகளுக்கும் போகிற டைவிங் பயிற்சி) முடித்த கையோடு "நல்ல பட்டி (buddy, கூட இறங்கும் துணை) கிடைக்க மாட்டேன் என்கிறது, தனியாகப் போகலாமா, என்னென்ன கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பேருக்குக் கூட வந்துவிட்டு, கேமராவோடு இருபது மீட்டர் தள்ளிப் போய்விடுகிற பட்டியை நம்பி இறங்குவதை விட, யாரும் இல்லை என்று தெரிந்து இறங்குவது மேல் என்று நானும் நினைத்திருக்கிறேன். டைவிங் பயிற்சி தரும் எஸ்டிஐ (SDI) அமைப்பில் சோலோ டைவர் கோர்ஸ் இருக்கிறது, 21 வயதும் 100 டைவும் கேட்பார்கள். பாடி (PADI) அமைப்பில் செல்ஃப் ரிலையன்ட் டைவர், 18 வயதும் 100 டைவும். இரண்டும் நல்ல கோர்ஸ். ஆனால் இரண்டுமே பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லைக்குள், அதாவது ஏதாவது ஆகிவிட்டால் நேராக மேலே வந்துவிடலாம் என்ற நிலைக்கு எழுதப்பட்டவை. டெக்னிக்கல் டைவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. தலைக்கு மேலே கப்பலின் இரும்போ குகையின் பாறையோ இருக்கும், இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத டெக்கோ கூரை இருக்கும், அதாவது உடம்பில் கரைந்த வாயு வெளியேற வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். அதனால் "18 மீட்டரில் தனியாகப் போய் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற அனுபவத்தை இங்கே கொண்டுவந்து வைத்து அளக்காதீர்கள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு டைவை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்புக்கு அருகே கடலில் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்ட ஆரம்பித்த முதல் கப்பல், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தது, 307 பேர் போனார்கள். அது போர்க் கல்லறை, எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது. ஆழம் சுமார் 53 மீட்டர். அங்கே அழுத்தம் 6.3 பார். கீழே 25 நிமிடம் இருந்தால் அரை மணியோ அதற்கு மேலோ டெக்கோ நிற்க வேண்டும். இந்த எண்களையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்.

நினைவு இருக்குமா, இருக்காதா

தனியாக இறங்கத் திட்டம் போடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது இது. ஒரு தாளை எடுத்து, அந்த டைவில் கெட்டுப்போகக் கூடிய எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இது நடந்தால் எனக்கு நினைவு இருக்குமா?

ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) ஃப்ரீஃப்ளோ ஆகிறது, அதாவது காற்று நிற்காமல் கொட்டுகிறது, நினைவு இருக்கும். மாஸ்க் கழன்று போகிறது, இருக்கும். வலை சிக்குகிறது, கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது, லைட் போகிறது, எல்லாவற்றிலும் நீங்கள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இவற்றுக்கு மருந்து உண்டு: இரண்டாவது ரெகுலேட்டர், இரண்டாவது மாஸ்க், இரண்டாவது கத்தி, அப்புறம் பயிற்சி. காசும் உழைப்பும் போட்டால் இந்தப் பக்கத்தைக் கிட்டத்தட்ட முழுசாக மூடிவிடலாம்.

அடுத்த பக்கம்தான் பயம். ஆக்சிஜன் நஞ்சேறி வலிப்பு வருவது. கார்பன் டைஆக்சைடு ஏறி மயங்குவது. சிலிண்டரில் நிரப்பிய கெட்ட கேஸில் கார்பன் மோனாக்சைடு. ரீபிரீதரில் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பக் கொடுக்கும் கருவி) ஆக்சிஜன் குறைந்து சத்தமில்லாமல் அணைந்து போவது. நீரில் மூழ்கியிருக்கும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. மாரடைப்பு. இவை நடக்கும்போது நீங்கள் அங்கே இல்லை, உடம்பு மட்டும்தான் இருக்கிறது. எத்தனை சிலிண்டர் கட்டிக்கொண்டு போனாலும் வாயிலிருந்து விழுந்த ரெகுலேட்டரைத் திரும்ப வைக்கிற கை உங்களுடையதாக இருக்க முடியாது.

என் கணிப்பு, இந்த இரண்டாவது பட்டியலில் ஒன்றாவது அந்த டைவில் உண்மையாகவே நடக்க வாய்ப்பிருந்தால் தனியாகப் போகாதீர்கள். ரீபிரீதரில் தனியாகப் போவது எனக்கு ஒத்துவராது, போகிறவர்கள் இருக்கிறார்கள், வாய்ப்பட்டையாவது கட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மயங்கினாலும் மவுத்பீஸ் வாயில் நிற்க அது கொஞ்சம் உதவும்.

என் கையைப் பிடித்தவர்

நானும் ஒரு காலத்தில் சில டெக்கோ டைவ்கள் தனியாகப் போனவன்தான். நிறுத்தியதற்கு ஒரு சம்பவம் காரணம், அது நடந்தபோது நான் தனியாகக் கூட இல்லை.

ஹெர்மீஸில் இருந்து ஏறி 21 மீட்டருக்கு வந்துவிட்டோம். இடது பக்கம் டெக்கோவுக்கான இரண்டு ஸ்டேஜ் சிலிண்டர். ஒன்று 50 சதவீதம் ஆக்சிஜன் உள்ள நைட்ராக்ஸ், 21 மீட்டரில் இருந்து குடிக்க. இன்னொன்று சுத்த ஆக்சிஜன், 6 மீட்டருக்கு மேல் மட்டும். அன்றைக்கு நீரோட்டம் பலமாக இருந்தது, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தேன். மறு கையால் தடவி ரெகுலேட்டரை உருவி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாயிற்று. அப்போது என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. நண்பர். கண்ணாடிக்குள் அவர் கண் அகலமாக இருந்தது. தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார், பிறகு ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையின் ஒரு விரலையும் விரித்துக் காட்டினார். ஆறு.

நான் உருவியது ஆக்சிஜன் ரெகுலேட்டர். 21 மீட்டரில் சுத்த ஆக்சிஜன் என்றால் அதன் பகுதி அழுத்தம் 3.1 பார். டெக்கோவில் ஓய்வாக இருக்கும்போதுகூட 1.6தான் எல்லை. வலிப்பு முன்னறிவிப்போடு வரும் என்று நம்பாதீர்கள், உதடு துடிப்பதும் காது இரைவதும் சிலருக்கு வரும், பலருக்கு எதுவும் வராமல் நேராக வலிப்புதான். நிலத்தில் வலிப்பு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம், நீருக்கடியில் ரெகுலேட்டர் விழுந்து, அடுத்த மூச்சு தண்ணீராக இருக்கும்.

படகில் ஏறியதும் அவர் சொன்னது ஒரே வரி: "அண்ணா, லேபிளை நீங்க பாக்கவே இல்ல." உண்மை. பார்க்கவில்லை. நூறு முறை பார்த்தவன், அன்றைக்குப் பார்க்கவில்லை.

அதனால் கேஸ் மாற்றுவதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஆழத்தைப் பாருங்கள். சிலிண்டர் கழுத்தருகே, நீங்கள் குனிந்தால் தெரிகிற இடத்தில், உள்ளங்கை அளவு எண்ணில் எத்தனை மீட்டர் என்று ஒட்டியிருக்க வேண்டும், அதை ரெகுலேட்டரைக் கடித்தபடியே வாய்விட்டுப் படியுங்கள், "இருபத்தொன்று" என்று. சத்தம் குளறலாக வரும், பரவாயில்லை, வாய் சொல்லும்போது மூளை தூங்க முடியாது. பிறகு வால்வைத் திறந்து, அந்த வால்விலிருந்து ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே மவுத்பீஸ் வரை வாருங்கள், நடுவில் கையை எடுத்தால் திரும்ப வால்விலிருந்து தொடங்குங்கள். வாயில் வைத்து நான்கைந்து மூச்சு விட்டு, அந்த சிலிண்டரின் முள்தான் அசைகிறதா என்று பாருங்கள். கடைசியில்தான் கம்ப்யூட்டரில் கேஸ் மாற்றுவது. ஆக்சிஜன் சிலிண்டரின் மவுத்பீஸுக்கு ஒரு நியோப்ரீன் உறை போட்டு, வால்வை 6 மீட்டர் வரும்வரை மூடியே வையுங்கள். இருட்டிலும் கலங்கலிலும் கை அந்த உறையைத் தொட்டதும் தெரிந்துவிடும். இதெல்லாம் செய்தாலும் என் மணிக்கட்டைப் பிடித்த கைக்கு இது முழு ஈடு ஆகாது. தவறு செய்கிற மூளையும் அதைச் சரிபார்க்கிற மூளையும் ஒன்றாகவே இருக்கிறது, அதுதான் தொந்தரவு.

மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள்

2005 ஜனவரி 8 அன்று தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீர் நிறைந்த குழியில் டேவ் ஷா என்ற டைவர் இறந்தார். பத்து வருடத்துக்கு முன் அங்கே இறந்துபோன ஓர் இளைஞரின் உடலை மேலே கொண்டுவரத்தான் 270 மீட்டருக்குப் போனார். வெவ்வேறு ஆழங்களில் துணைக்கு ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள், ஆனால் அடியில் அவர் ஒற்றை ஆள். உடலோடு போராடியதில் மூச்சு வேகமெடுத்து, கயிறு சிக்கி, வேலையை விட்டுக் கிளம்பியும் விடுபட முடியாமல், கார்பன் டைஆக்சைடு ஏறி நினைவு தப்பியதை அவர் தலையில் கட்டியிருந்த கேமராவே பதிவு செய்திருக்கிறது.

அந்த ஆழம் நமக்கு இல்லை, ஆனால் அந்தச் சங்கிலி 50 மீட்டரிலும் அதேதான். ஆழத்தில் கேஸ் அடர்ந்துவிடும், இழுக்கவும் விடவும் நெஞ்சுக்கு வேலை கூடும், அவசரமாகத் துடுப்படித்தால் உள்ளே கார்பன் டைஆக்சைடு தங்கும், தங்கினால் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும், பதற்றமும் அதனாலேயே கூடும். தனியாக இருக்கும்போது இதை வெளியிலிருந்து பார்த்து "நில்" என்று சைகை காட்ட ஆள் இல்லை. ஆகவே விதியை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள்: மூச்சு ஒருமுறை கட்டுப்பாட்டை மீறினால் எதையாவது பிடித்து அசையாமல் நின்று, நீளமாக விட்டு, அது அடங்கியதும் டைவ் முடிந்தது. திரும்பப் போய்ப் பார்ப்பது கிடையாது.

ஹீலியமும் இதில் சேர்த்திதான். கிழக்குக் கரையில் ஹீலியம் சுலபமாகக் கிடைக்காது, விலையும் அதிகம், அதனால் காற்றிலேயே ஹெர்மீஸில் இறங்கியவர்கள் பலர். 18/45 ட்ரைமிக்ஸில் (18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன்) 53 மீட்டர், காற்றில் சுமார் 25 மீட்டர் போன்ற நைட்ரஜன் மயக்கம்தான் தரும், கேஸின் அடர்த்தியும் வெகுவாகக் குறையும். தனியாகப் போகிறவருக்குத் தெளிந்த தலைதான் பட்டி. அதற்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் அந்த ஆழம் வேண்டாம்.

நிரப்பும் இடத்தையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கம்ப்ரஸர் காற்று எடுக்கிற குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது, பக்கத்தில் ஜெனரேட்டரோ எஞ்சினோ புகை விடுகிறதா என்று. கார்பன் மோனாக்சைடு மேலே 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) என்றால் 53 மீட்டரில் அதன் வேகம் 63 பிபிஎம் மாதிரி. கையடக்க மீட்டர் கிடைக்கிறது, வாங்குங்கள். கேஸை வேறு யார் அளந்து சொன்னாலும் நீங்களும் அளந்து, நீங்களே ஒட்டுங்கள்.

கேஸ் கணக்கு

இருவராகப் போகும்போது உங்கள் அவசரக் காற்று பட்டியின் முதுகில் இருக்கிறது. தனியாகப் போகும்போது அது உங்கள் முதுகிலேயே, அதுவும் முதல் சிலிண்டரோடு சேர்ந்து கெட்டுப்போகாத இடத்தில் இருக்க வேண்டும்.

மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர் 53 மீட்டரில் 126 லிட்டர் விடுவார். இரட்டை 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 4,800 லிட்டர், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாலும் 38 நிமிடம். பதற்றத்தில் மூச்சு 50 லிட்டருக்குப் போனால் நிமிடத்துக்கு 315, அதே சிலிண்டர் 15 நிமிடம்தான் வரும்.

இப்போது திரும்பும் கணக்கு. பிரச்சினை வந்ததும் அதைப் புரிந்துகொள்ள 2 நிமிடம் வையுங்கள், மூச்சு 30 லிட்டர் என்று வையுங்கள்: 30 × 6.3 × 2, அது 378 லிட்டர். அங்கிருந்து 21 மீட்டருக்கு ஏற 4 நிமிடம், சராசரி ஆழம் 37 மீட்டர், 4.7 பார்: 564 லிட்டர். மொத்தம் சுமார் 950 லிட்டர். மனிஃபோல்டால் (இரண்டு சிலிண்டரையும் இணைக்கும் குழாய்) இணைத்த இரட்டையில் அது 40 பார், சின்னதாகத் தெரியும். ஆனால் மனிஃபோல்டே ஒழுகினால் அந்த 40 பாருக்கு அர்த்தமில்லை. அதனால் தனி ஆளுக்குத் தனித்தனிச் சிலிண்டர், உடம்பின் இரு பக்கமும் தொங்கும் சைட்மவுண்ட் போலக் கட்டுவது எனக்குப் பிடிக்கும். அப்படிக் கட்டினால் இரண்டில் எது செத்தாலும் மற்றதில் அந்த 950 லிட்டர் இருந்தாக வேண்டும், 12 லிட்டர் சிலிண்டருக்கு அது 80 பார். எந்தப் பக்கத்து முள்ளாவது 80ஐத் தொடும்போது நீங்கள் ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். கப்பலுக்கு உள்ளே போனால் இந்தக் கணக்கே மாறும், வெளியே வருகிற நேரம் சேரும். தனியாக உள்ளே போகாதீர்கள் என்பது என் கருத்து, கலங்கல் கிளம்பினால் வாசல் எங்கே என்று சொல்ல இன்னொரு லைட் இருக்காது.

பெரும்பாலானவர்கள் விடுகிற ஓட்டை ஒன்று உண்டு. டெக்கோ கேஸ் ஒன்று வேலை செய்யாமல் போனால்? இருவர் என்றால் மாற்றி மாற்றிக் குடித்துச் சமாளிக்கலாம். தனி ஆளுக்கு அடியில் குடித்த கேஸிலேயே டெக்கோவை முடிக்க வேண்டிவரும், நேரம் கணிசமாக நீளும். அந்த நீண்ட அட்டவணையையும் மென்பொருளில் போட்டு, ஸ்லேட்டில் எழுதி, அதற்கான கேஸும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். 25 நிமிடம் 15 ஆகட்டும்.

உபகரணங்களைப் பற்றி எல்லா கோர்ஸிலும் சொல்லித்தருவார்கள், இரண்டே சொல்கிறேன். வெட்டும் கருவி இரண்டு, ஒவ்வொரு கைக்கும் எட்டுகிற இடத்தில், கணுக்காலில் வேண்டாம். மூழ்கிய கப்பலில் மீன் கூடும், மீன் கூடுகிற இடத்தில் வலையும் நரம்பும் இருக்கும், முதுகுப்பக்கம் சிக்கினால் கணுக்கால் எட்டாது. மேற்பரப்பு மிதவையும் ரீலும் இரண்டு, வெவ்வேறு நிறத்தில்.

மேலே இருப்பவர்

2017 ஏப்ரலில் மயோர்க்கா தீவில், சா பிகேத்தா குகைக்குள் சிஸ்கோ கிராசியாவும் அவர் கூட்டாளியும் வழிக்கயிற்றை இழந்தார்கள். மிஞ்சிய கேஸ் ஒருவர் வெளியேற மட்டும் போதும். கிராசியா உள்ளே ஒரு காற்றறையில் தங்கினார், கூட்டாளி வெளியே போனார். சுமார் 60 மணி நேரம் கழித்து கிராசியாவை மீட்டார்கள். தனியாகப் போயிருந்தால் அவர் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

கூட இறங்க ஆள் இல்லையென்றாலும் கயிறு பிடிக்க ஆள் இருக்கலாம். மட்டக்களப்பில் உங்களைக் கூட்டிப் போகிறவர் பெரும்பாலும் மீனவர், கடலை உங்களை விட நன்றாகத் தெரிந்தவர், ஆனால் டெக்கோ என்றால் என்ன என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும். புறப்படும் முன் அவரோடு உட்கார்ந்து தமிழில் மூன்று நேரங்களை எழுதிக் கொடுங்கள்: இறங்கிய நேரம், மிதவை மேலே வர வேண்டிய நேரம், வராவிட்டால் உதவி கூப்பிட வேண்டிய நேரம். ஆரஞ்சு மிதவை வந்தால் எல்லாம் சரி, மஞ்சள் வந்தால் எனக்கு உதவி வேண்டும், கேஸ் இறக்குங்கள். "தம்பி, கொஞ்சம் பிந்தினாலும் நீங்க வருவீங்கதானே" என்று நல்ல மனசோடு காத்திருப்பார்கள். காத்திருக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். படகிலிருந்து உபரி சிலிண்டர் ஒன்று ரெகுலேட்டரோடு 6 மீட்டரில் தொங்கட்டும், முதலுதவி ஆக்சிஜன் பெட்டி இருக்கட்டும், அதை எப்படித் திறப்பது என்று அவரே ஒருமுறை திறந்து காட்டட்டும். டெக்கோ நோய் வந்தால் உள்ளே வைத்துச் சிகிச்சை தரும் அழுத்த அறைக்குக் கிழக்கில் திருகோணமலை கடற்படைத் தளத்தைத்தான் நம்பியாக வேண்டும், சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். அறை இயங்குகிறதா, யாரை அழைக்க வேண்டும் என்பதை டைவுக்கு முந்தைய நாள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஏறிய பிறகும் தனி ஆள்தான் என்பதை மறந்துவிடுவோம். டெக்கோ நோய் வந்தவர் முதலில் செய்வது, "ஒன்றுமில்லை, தோள் பிடித்துக்கொண்டது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. கூட இறங்கியவர் இருந்தால் உங்கள் நடை கோணுவதைப் பார்ப்பார். ஆகவே விடுதியிலோ வீட்டிலோ ஒருவரிடம் சொல்லிவையுங்கள், இரண்டு மணி நேரம் கழித்தும் ராத்திரி படுக்கும் முன்பும் வந்து பேச்சுக் கொடுக்கும்படி. கை மரத்தல், தள்ளாட்டம், சிறுநீர் போக முடியாமை, வழக்கத்துக்கு மீறிய சோர்வு, இதில் எது வந்தாலும் ஆக்சிஜன் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். அன்றைக்கு சிலிண்டர் தூக்காதீர்கள், படகுக்காரருக்குக் கொஞ்சம் பணம் கூடக் கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் டைவ் முடித்த மறுநாள் காலையே வேனில் பதுளை வழியாக நுவரெலியா ஏறுகிறார்கள், அது கடல் மட்டத்தில் இருந்து 1,800 மீட்டருக்கு மேல். விமானத்துக்குக் காத்திருக்கிற அளவு இதற்கும் காத்திருக்க வேண்டும், டெக்கோ டைவுக்குப் பிறகு நான் முழுதாக 24 மணி நேரம் மட்டக்களப்பிலேயே இருந்துவிடுவேன்.